அயர்லாந்தின் பாயிண்ட்ஸ் கணக்கு: முடிவு வருவது ஆகஸ்ட்டில், முடிவாவது எப்போது?

ஆகஸ்ட் மாதக் கடைசியில் அயர்லாந்துச் செய்தித்தாள்களில் ஒரே படம்தான்: செல்போனைப் பார்த்துவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொள்ளும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். லீவிங் சர்ட்டிஃபிகேட் தேர்வு முடிவு வந்திருக்கும். ஆறாண்டு இரண்டாம்நிலைப் பள்ளியின் முடிவில், ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 பேர் எழுதும் தேர்வு அது. சில நாட்களில் சிஏஓ என்னும் மத்திய விண்ணப்ப அலுவலகம் கல்லூரி இடங்களை அறிவிக்கும். கல்லூரிச் சேர்க்கைக்கான பாயிண்ட்ஸில் யார் உச்சமான 625 வாங்கினார், மருத்துவத்துக்குக் கட்-ஆஃப் எங்கே போய் நின்றது என்று ஒரு வாரம் பேச்சு ஓடும். பிளஸ் டூ முடிவு நாளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பரபரப்பு பழகியதுதான்.

டப்ளினில் உள்ள பொருளாதார, சமூக ஆய்வு நிறுவனம், சுருக்கமாக இஎஸ்ஆர்ஐ, இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவருவது வேறு. அந்த 625-க்கான ஓட்டத்தில் யார் இருப்பார், யார் இருக்கமாட்டார் என்பது பெருமளவு பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே தீர்ந்துவிடுகிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் பாயிண்ட்ஸ் எப்படிக் கூட்டப்படுகிறது என்று பார்க்க வேண்டும். தீர்ப்பு எழுதப்படும் இடம் அந்தக் கூட்டலுக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

ஒரு மாணவியின் 445

லீவிங் சர்ட்டில் ஒவ்வொரு பாடத்தையும் ஹையர் லெவல், ஆர்டினரி லெவல் என்று இரண்டு தரங்களில் எழுதலாம். ஐரிஷ் மொழிக்கும் கணிதத்துக்கும் அதற்கும் கீழே ஃபவுண்டேஷன் லெவல் உண்டு. பெரும்பாலோர் ஏழு பாடம் எழுதுவார்கள். ஒரே ஆண்டில் எழுதியவற்றில் சிறந்த ஆறு மட்டும் கணக்கில் வரும். ஹையர் லெவலில் 90-க்கு மேல் எச்1, அதற்கு 100 பாயிண்ட்ஸ். அங்கிருந்து பத்துப் பத்து சதவீதமாக இறங்கினால் எச்2-க்கு 88, எச்3-க்கு 77, எச்4-க்கு 66, எச்5-க்கு 56, எச்6-க்கு 46, எச்7-க்கு 37. ஆர்டினரி லெவலில் 90-க்கு மேல் வாங்கினாலும் ஓ1-க்குக் கிடைப்பது 56 மட்டுமே, அதாவது ஹையரில் ஐம்பது சொச்சம் வாங்கியவருக்குச் சமம்.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். உயிரியல் எச்2, ஆங்கிலமும் புவியியலும் எச்3, வணிகவியல் எச்4, பிரெஞ்சு எச்5, ஐரிஷ் ஓ1, கணிதம் எச்5. கணிதத்தை ஹையரில் எழுதி எச்6 அல்லது அதற்கு மேல் வாங்கினால் 25 பாயிண்ட்ஸ் கூடுதல். ஆகவே கணிதத்தின் 56, 81 ஆகிறது. 88, 81, 77, 77, 66, 56 என்று கூட்டினால் 445. பிரெஞ்சும் ஐரிஷும் ஆளுக்கு 56. இரண்டில் ஒன்று உள்ளே வரும், மற்றது வெளியே நிற்கும். இதே மாணவி கணிதத்தை ஆர்டினரியில் எழுதி 95 சதவீதம் வாங்கியிருந்தால் மொத்தம் 420-தான். ஹையரில் தடுமாறி வெறும் 42 சதவீதம் வாங்கினால்கூட 46-உம் 25-உம் சேர்ந்து 71 வந்திருக்கும், மொத்தம் 435. கீழ்த் தரத்தில் 95 வாங்கியவர், மேல் தரத்தில் 42 வாங்கியவருக்குப் பின்னால் நிற்கிறார். எத்தனை மதிப்பெண் என்பதற்கு முன்பே எந்தத் தாள் என்ற கேள்வி பாதியைத் தீர்த்துவிடுகிறது.

அந்த 25 பாயிண்ட்ஸ் 2012-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஹையர் கணிதம் எழுதியவர்கள் சுமார் 16 சதவீதம். 2019-இல் மூன்றில் ஒருவர். கொள்கை வகுத்தவர்கள் விரும்பியது நடந்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் இந்தக் கூடுதல், பொறியியலுக்குப் போகிறவருக்கும் வரலாறு படிக்கப்போகிறவருக்கும் ஒன்றுபோலவே கிடைக்கிறது. கணிதத்தில் நாட்டமே இல்லாதவர்களும் 25-க்காக மாதக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டி, கடைசி நேரத்தில் தாக்குப்பிடிக்க முடியாமல் ஆர்டினரிக்கு இறங்குகிறார்கள். தேர்வறையில் உட்கார்ந்த பிறகு எந்தத் தாள் வேண்டும் என்று மாற்றிச் சொல்பவர்களும் உண்டு.

இப்போதுள்ள எட்டுத் தர அளவுகோல் 2017-இல் வந்தது. அதற்கு முன் ஏ1, ஏ2, பி1 என்று ஐந்து சதவீதத்துக்கு ஒரு படி. 84-க்கும் 85-க்கும் இடையில் ஒரு சுவர் இருந்தது. பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு அந்த ஒரு மதிப்பெண்ணைத் துரத்தினார்கள். படிகளைக் குறைத்தால் துரத்தல் குறையும் என்று கணக்குப் போட்டார்கள். பாயிண்ட்ஸை 88, 77, 66 என்று ஒழுங்கற்ற எண்களாக வைத்ததும் யோசித்துத்தான். எல்லாம் ஐந்தின் மடங்காக இருந்தால் ஒரே மொத்தத்தில் நூற்றுக்கணக்கானோர் வந்து குவிவார்கள். சமமாக நிற்பவர்களைப் பிரிக்க சிஏஓ-விடம் இருக்கும் கடைசி ஆயுதம் குலுக்கல்தான். ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் அவர் கேட்ட ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு சமவாய்ப்பு எண் உண்டு. கட்-ஆஃப் பட்டியலில் ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், அதே பாயிண்ட்ஸ் வாங்கிய எல்லோருக்கும் இடம் கிடைக்கவில்லை என்று பொருள். 2021-இல் மதிப்பெண்கள் ஊதிப்போயிருந்தபோது, 625-க்கு 625 வாங்கியும் குலுக்கலில் இடம் தவறியவர்கள் இருந்தார்கள்.

கட்-ஆஃப் என்பது படிப்பின் தரத்தையோ கடினத்தையோ சொல்வதில்லை. எத்தனை இடம், எத்தனை பேர் கேட்டார்கள் என்பதன் விடை மட்டுமே. இருபது இடம் உள்ள சிறு படிப்புக்குக் கட்-ஆஃப் தானாக ஏறும். இது பல்கலைக்கழகங்களுக்கு நன்றாகத் தெரியும். பொதுவான ஓர் அறிவியல் நுழைவை வைத்துவிட்டு இரண்டாம் ஆண்டில் பிரிக்கலாம் என்றிருக்க, சிறு சிறு படிப்புகளாக உடைத்துப் பட்டியலில் போட்டால் எண்கள் உயரும், எண்ணோடு பெயரும் உயரும். நுழைவுப் பாதைகளை அகலமாக்கச் சொல்லிப் பல அறிக்கைகள் வந்துவிட்டன. கேட்டவர்களும் உண்டு, கேட்காதவர்களும் உண்டு.

பன்னிரண்டு பள்ளிகள், தொள்ளாயிரம் பிள்ளைகள்

2002-இல் இஎஸ்ஆர்ஐ ஒரு நீண்டகால ஆய்வைத் தொடங்கியது. பன்னிரண்டு இரண்டாம்நிலைப் பள்ளிகள், முதலாம் ஆண்டில் சேர்ந்த சுமார் 900 மாணவர்கள். எமர் ஸ்மித் தலைமையிலான குழு அவர்களை லீவிங் சர்ட் வரை பின்தொடர்ந்தது. வினாத்தாள் கொடுத்துப் புள்ளிவிவரம் எடுத்ததோடு நிற்காமல், குழுக்களாக உட்காரவைத்துப் பேசவும் வைத்தது. அயர்லாந்தின் பள்ளிக் கொள்கை விவாதங்களில் இன்றுவரை அதிகம் கையாளப்படும் தரவுகளில் இதுவும் ஒன்று.

தொடக்கப்பள்ளியில் ஒரே ஆசிரியர், ஒரே அறை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இரண்டாம்நிலைக்கு வந்ததும் பத்துக்கு மேற்பட்ட பாடங்கள், பாடத்துக்கு ஓர் ஆசிரியர். முதல் ஆண்டில் தடுமாற்றம் இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அது இருந்தது, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தீர்ந்தும் போனது. ஆய்வாளர்களை நிமிரவைத்தது இரண்டாம் ஆண்டு. புதுமை போய்விட்டது, பரீட்சை இன்னும் தூரத்தில் இருக்கிறது. இந்த இடைவெளியில் ஒரு சாரார் படிப்போடு ஒட்டிக்கொண்டார்கள், இன்னொரு சாரார் மெல்லக் கழன்றார்கள். கழன்றவர்களில் உழைக்கும் வர்க்கக் குடும்பத்து ஆண்பிள்ளைகள் அதிகம். மூன்றாம் ஆண்டில் ஜூனியர் தேர்வு என்னும் பொதுத்தேர்வு வந்தபோது அவர்களைத் திரும்ப இழுப்பது கடினமாகிவிட்டது.

கழல்வதற்கான காரணமும் தெளிவாகவே தெரிந்தது. அயர்லாந்து ஆங்கிலத்தில் ஆசிரியர் திட்டுவதை 'கிவிங் அவுட்' என்பார்கள். பாராட்டு அதிகமாகவும் கிவிங் அவுட் குறைவாகவும் கிடைத்த பிள்ளை பள்ளியை விரும்பியது, ஆகவே பாராட்டும் கூடியது. திட்டு வாங்கிய பிள்ளை முரண்டு பிடித்தது, ஆகவே திட்டும் கூடியது. இரண்டு சுழலும் தாமாகவே வேகமெடுத்தன. இவ்வளவு சாதாரணமான ஒன்று மதிப்பெண்ணையும் படிப்பை விடுவதையும் முன்கூட்டிக் காட்டியது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அடுத்தது ஸ்ட்ரீமிங். நுழைவுச் சோதனை வைத்து மாணவர்களை மேல்வகுப்பு, கீழ்வகுப்பு என்று பிரித்து, எல்லாப் பாடங்களுக்கும் அப்படியே வைத்திருக்கும் முறை. ஏறத்தாழ ஒரே திறனோடு உள்ளே வந்த இருவரில், கீழ்வகுப்பில் போடப்பட்டவர், கலப்பு வகுப்பில் இருந்தவரைவிடத் தெளிவாகப் பின்தங்கினார். மேல்வகுப்பில் போடப்பட்டவருக்கு ஈடான லாபம் எதுவும் கிடைக்கவில்லை. ஒருவருக்கு நட்டம், மற்றவருக்கு லாபமும் இல்லை. கீழ்வகுப்பில் பாடம் மெதுவாகப் போனது. பிள்ளைகளே பேட்டியில் அது மந்தமாக இருப்பதாகச் சொன்னார்கள். அலுப்பு வந்தது, அலுப்போடு கூடவே கிவிங் அவுட்டும் வந்தது. இந்த முறை உழைக்கும் வர்க்கப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிகளில்தான் அதிகம் இருந்தது என்பது இன்னொரு வேதனை.

இப்போது 445-க்குத் திரும்பிப் போகலாம். கீழ்வகுப்பில் இருப்பவருக்கு ஆர்டினரி லெவல் பாடம்தான் நடக்கும். மூன்றாண்டு ஆர்டினரி கணிதம் படித்தவர் ஐந்தாம் ஆண்டில் ஹையருக்குத் தாவ நினைத்தால், விடுபட்ட பாடப்பகுதி சுவர்போல் நிற்கும். 25 பாயிண்ட்ஸ் போயிற்று. பொறியியல் பட்டப்படிப்புகள் பெரும்பாலும் கணிதத்தில் எச்4 கேட்கின்றன, அந்தக் கதவும் மூடிற்று. 'உன் தேர்வுதான்' என்று மாணவரிடமே விட்டுவிட்ட பள்ளிகளில் இன்னொரு கோளாறு. எந்தத் தாள் எங்கே கொண்டுபோகும் என்று வீட்டில் சொல்ல ஆள் இருந்த பிள்ளை ஹையரில் ஒட்டிக்கொண்டது. இல்லாத பிள்ளை சுலபமானதை எடுத்தது. வழிகாட்டி ஆசிரியரை முறையாகச் சந்திக்கும் வாய்ப்பு பெரும்பாலும் ஐந்தாம், ஆறாம் ஆண்டில்தான் வருகிறது. முடிவு எடுக்கப்பட்டு மூன்று ஆண்டு கழித்து ஆலோசனை.

இந்தக் கண்டுபிடிப்புகள் அலமாரியில் தூங்கவில்லை. 2012-இல் அறிவிக்கப்பட்டு 2015-இல் திருத்தப்பட்ட, முதல் மூன்று ஆண்டுகளுக்கான ஜூனியர் சைக்கிள் சீர்திருத்தத்தில், ஆங்கிலம், ஐரிஷ், கணிதம் தவிர மற்றப் பாடங்கள் எல்லோருக்கும் ஒரே பொதுத் தரம் ஆயின. மூன்றாம் ஆண்டு முடிவில் அறிவியலில் ஹையரா ஆர்டினரியா என்ற கேள்வியே இப்போது இல்லை. அதே சீர்திருத்தத்தில் சொந்த மாணவர்களுக்கு ஆசிரியர்களே பொதுத்தேர்வு மதிப்பெண் போட வேண்டும் என்று அப்போதைய கல்வி அமைச்சர் ரூரி க்வின் சொன்னது மட்டும் நடக்கவில்லை. 2014 டிசம்பரிலும் 2015 ஜனவரியிலும் ஆசிரியர் சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. அயர்லாந்து சின்ன நாடு, ஊருக்குள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், பெற்றோர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்பது அவர்கள் வாதம். வகுப்பறை மதிப்பீடு வந்தது, ஆனால் தேர்வு ஆணையத்தின் பெயரில்லாத் தாள் திருத்தம் தொடர்ந்தது.

ஆறாம் ஆண்டைப் பற்றி ஒரே ஒரு விஷயம். பழைய வினாத்தாள்களையும் மதிப்பெண் வழங்கும் முறையையும் தேர்வு ஆணையம் இலவசமாக வெளியிடுகிறது. திருத்திய தாளை மாணவர் பார்க்கலாம், மேல்முறையீடு செய்யலாம். இவ்வளவு வெளிப்படையான தேர்வுமுறை குறைவு. ஆனால் இந்த வெளிப்படைத்தன்மையே, மதிப்பெண் முறையைப் பாடத்திட்டமாக மாற்றிவிட்டது. எந்தச் சொல்லுக்கு எத்தனை மதிப்பெண் என்று தெரிந்தபிறகு வேறு எதையும் சொல்லித்தர முயலும் ஆசிரியரை, நல்ல மதிப்பெண் இலக்கு வைத்த மாணவர்களே எரிச்சலோடு பார்த்தார்கள். கிரைண்ட்ஸ் எனப்படும் டியூஷன் அதன் நிழலில் வளர்ந்தது. காசு கொடுத்தவர்களுக்கு ஏமாற்றம் தரும் செய்தி: மாணவரின் முந்தைய திறனையும் குடும்பப் பின்னணியையும் கழித்துவிட்டுப் பார்த்தால், கிரைண்ட்ஸால் தனியாகக் கிடைத்த அனுகூலம் எதையும் 2009-இல் வெளியான ஸ்மித்தின் பகுப்பாய்வு காணவில்லை.

2020: தேர்வே இல்லாத ஆண்டு

கொரோனாவில் லீவிங் சர்ட் ரத்தானது. ஆசிரியர் ஒவ்வொரு மாணவருக்கும் உத்தேச மதிப்பெண் கொடுப்பார், கணினி அதைத் தேசிய அளவில் சரிசெய்யும் என்று ஏற்பாடு. முதல் திட்டத்தில் பள்ளியின் பழைய தேர்ச்சி வரலாறும் கணக்கில் இருந்தது. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் அதனால் ஏழைப் பகுதிப் பள்ளிகள் அடிபட்டு அரசே பின்வாங்கியதைப் பார்த்து, அயர்லாந்து அதைத் தூக்கியது. நியாயமான முடிவுதான். ஆனால் பிடிமானத்தைக் கழற்றியதும் ஆசிரியர்களின் தாராளம் பெரிதும் அப்படியே தங்கியது. மதிப்பெண்கள் 2019-ஐவிட 4.4 சதவீதம் உயர்ந்தன.

செப்டம்பர் கடைசியில் இன்னொரு பூதம் கிளம்பியது. மாணவரின் பழைய ஜூனியர் தேர்வில் ஐரிஷ், ஆங்கிலம், கணிதத்தோடு அவருடைய சிறந்த இரண்டு பாடங்களையும் எடுக்க வேண்டிய நிரல், மிக மோசமான இரண்டை எடுத்திருந்தது. சேர்க்கவே கூடாத குடிமையியல் பாடமும் உள்ளே நுழைந்திருந்தது. வரிசையை ஏறுமுகமாக அடுக்குவதா இறங்குமுகமாக அடுக்குவதா என்ற அளவிலான பிழை. ஏறத்தாழ 6,100 பேருக்கு மதிப்பெண் உயர்த்தித் திருத்தம் அனுப்ப வேண்டியிருந்தது. வகுப்புகள் அதற்குள் தொடங்கிவிட்டன.

உயர்ந்த மதிப்பெண்ணை ஒரேயடியாக இறக்கினால், முந்தைய ஆண்டு முடித்துவிட்டு இப்போது விண்ணப்பிப்பவரோடு போட்டியிடும் புது மாணவர் நட்டப்படுவார். ஆகவே தாள் திருத்தியபிறகு எல்லோருக்கும் கூட்டிப்போடும் வழக்கம் தொடர்ந்தது. கொரோனாவுக்கு முந்தைய அளவைவிட ஏழு சதவீதம் மேலே என்று வைத்திருந்ததை 2025-இல் 5.5 ஆக இறக்கினார்கள்.

காசும் கதவும்

வசதி குறைந்த பகுதிப் பள்ளிகளுக்குக் கூடுதல் ஆசிரியரும் நிதியும் தரும் திட்டம் 2005-இல் வந்த டெஷ். ஐரிஷில் அந்தச் சொல்லுக்கு 'வாய்ப்பு' என்று பொருள். குடும்ப வருமானம் போன்ற அளவுகோல்களில் தேறுபவருக்குக் கட்-ஆஃபுக்குச் சற்றுக் கீழே இடம் தரும் ஹியர், மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கான டேர் ஆகியவையும் உண்டு. இவற்றுக்குத் தனிப் படிவம், தனி ஆவணங்கள். சிஏஓ விண்ணப்பத்தின் பிப்ரவரி 1 கெடுவோடு வேலை முடிந்தது என்று நினைத்து, அதன் பிறகு வரும் ஹியர் கெடுவைக் கோட்டைவிடுவது வழக்கமான விபத்து.

பட்டப்படிப்புக் கட்டணம் 1996-இல் ஒழிந்தது. அதன் இடத்தில் 'மாணவர் பங்களிப்பு' என்று ஒன்று முளைத்து 3,000 யூரோ வரை வளர்ந்தது. 2025-இல் அதை 500 யூரோ நிரந்தரமாகக் குறைத்தார்கள். இலவசம் என்ற சொல் தமிழ்க் குடும்பங்களையும் ஏமாற்றுவதுண்டு. முந்தைய ஐந்தாண்டில் மூன்றாண்டு ஐரோப்பியப் பகுதியில் வாழ்ந்திருப்பது ஒரு நிபந்தனை. அது போதாது, குடியுரிமையோ குடியேற்ற அனுமதியோ பட்டியலில் உள்ள வகையாகவும் இருக்க வேண்டும். பெற்றோர் பல ஆண்டு வரி கட்டியிருந்தாலும் பிள்ளையின் நிலை அந்தப் பட்டியலில் இல்லையென்றால் சலுகை கிடையாது. இதை ஆறாம் ஆண்டில் கண்டுபிடிப்பது காலங்கடந்த காரியம். ஐரிஷ் மொழி விஷயத்திலும் இப்படித்தான். வெளிநாட்டில் படித்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் வந்து சேர்ந்த பிள்ளைக்குப் பள்ளி விலக்குச் சான்று தரலாம். நேஷனல் யூனிவர்சிட்டி கல்லூரிகள் நுழைவுக்கு ஐரிஷ் கேட்கும் என்பதால், அங்கேயும் தனியாக விலக்கு வாங்கிவைக்க வேண்டும்.

பாயிண்ட்ஸ் வராதவர்களுக்குப் பிஎல்சி என்னும் ஓராண்டுப் படிப்பு ஒரு பின்வாசல். அதன் ஐந்தாம் நிலைச் சான்றிதழுக்கு அதிகபட்சம் 390 பாயிண்ட்ஸ். 2023 முதல், உள்ளூர்க் கல்விக் கல்லூரியில் தொடங்கிப் பல்கலைக்கழகத்தில் முடிக்கும் கூட்டுப் பட்டங்களும் உண்டு. அவற்றுக்கு சிஏஓ பாயிண்ட்ஸே தேவையில்லை.

நாற்பது சதவீதம்

2025 செப்டம்பரில் ஐந்தாம் ஆண்டுக்கு வந்தவர்களோடு மேல்நிலைச் சீர்திருத்தம் தொடங்கியது. உயிரியல், வேதியியல், இயற்பியல், வணிகவியல் முதலிய முதல் தொகுதிப் பாடங்களில் குறைந்தது 40 சதவீத மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு வெளியே. அறிவியலில் அது மாணவரே செய்யும் ஆய்வுத் திட்டம், ஆணையமே திருத்தும். ஒரே ஒரு ஜூன் மாதத்தில் எல்லாம் தொங்குவதை மாற்ற வேண்டும் என்று பல காலமாகக் கேட்ட ஆய்வாளர்களுக்கு இது வெற்றி. ஆனால் செயல்படும் விதத்தில் கவலைக்குக் காரணம் இருக்கிறது. முழு வசதியுள்ள ஆய்வகமும் உதவியாளரும் உள்ள பள்ளி ஒன்று, ஆய்வகத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும் பள்ளி இன்னொன்று. வீட்டில் எழுதும் பகுதியைச் சாட்ஜிபிடி எழுதியதா என்று கண்டுபிடிக்க நம்பகமான கருவி இல்லை. டியூஐ என்னும் ஆசிரியர் சங்கம் அரசின் ஆதரவு ஏற்பாட்டை ஏற்றது. இன்னொரு ஆசிரியர் சங்கமான ஏஎஸ்டிஐ-யின் உறுப்பினர்கள் நிராகரித்தார்கள்.

இந்த முதல் அணியின் தேர்வு 2027 ஜூனில், முடிவு அந்த ஆகஸ்ட்டில். அவர்களில், மூன்றாம் ஆண்டுக்கும் ஐந்தாம் ஆண்டுக்கும் நடுவில் டிரான்சிஷன் இயர் என்னும் இடையாண்டை எடுத்தவர்களின் இரண்டாம் ஆண்டு 2022-23. எடுக்காதவர்களுக்கு 2023-24.